ஊரார் பிள்ளைக்கு ஒரு பரிசு

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் முன்னோர் மொழி. இப்பழமொழியில் வரும் ஊட்டுதல் என்னும் சொல்லை ஊன்றி நோக்குதல் வேண்டும். சோறிடுதல் வேறு, ஊட்டுதல் வேறு. சோறிடுபவர் இலையில் இட்டுவிட்டு அப்பால் செல்லலாம். ஊட்டுபவரோ பிள்ளையின் வாய்க்கேற்பக் கவளத்தை உருட்ட வேண்டும். சூட்டை ஆற்ற வேண்டும். போதும் என்று அது முகத்தைத் திருப்பும்போது நிறுத்தவும் வேண்டும். பிறர் பெற்ற பிள்ளைக்கு நாம் எதைக் கொடுத்தாலும், அதை அப்பிள்ளையின் முகம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே இப்பழமொழியின் உட்கிடை எனலாம்.

மலாக்கா நகரிலிருந்து மெர்லிமாவ் நோக்கிச் செல்லும் கடலோரச் சாலையில் உம்பாய் என்னும் சிற்றூர் உள்ளது. ஒருபால் கடலும் மீனவர் வீடுகளும். எதிரே நீரின் நடுவே புலாவ் பெசார் தீவு. மறுபால் உள்ளே செல்லச் செல்லத் தோட்டங்கள். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தான் சே யான் என்பார் 1896ஆம் ஆண்டில் உருவாக்கியது இதே மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். பால்மரக் காடுகளில் உழைத்த நம்மவரின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளுமே இன்று இப்பகுதித் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டன. லயங்களை விட்டுப் பல குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. வறுமை மட்டும் சில வீடுகளை விட்டு இன்னும் குடிபெயரவில்லை.

டிசம்பர் மாதம் பிறந்தால் மலாக்காவுக்குத் தனியழகு வந்துவிடும். ஊஜோங் பாசீரில் 1930களில் உருவான போர்த்துகீசியர் குடியிருப்பில் வீடுதோறும் வண்ண விளக்குகள் ஒளிரும். நம் பிள்ளைகளும் பெற்றோர் கைபிடித்துச் சென்று அவ்விளக்குகளைக் கண்டு களிப்பர். கிறிஸ்து பிறப்பு கிறிஸ்தவர்களின் சமயத் திருநாள். எனினும் பிள்ளைகள் கண்ணுக்கு அது பரிசுத் திருநாளாகவே தெரிகிறது. ஆதலால் நல்லெண்ணம் கொண்ட அன்பர் சிலர் ஒன்றுகூடி, பிறர் பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கித் தர ஆண்டுதோறும் முன்வருகின்றனர். அவர்கள் செல்வர் அல்லர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள். கையிலுள்ள தொகையோ சிறிது, பிள்ளைகளோ பலர். எதை வாங்குவது? யாருக்குக் கொடுப்பது? எவ்வாறு கொடுப்பது? இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். இவற்றுக்கு விடை தேடியோரின் வரலாறு மிக நெடியது.

சிவப்புப் பைகள்

இவ்வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு என் பிழையொன்றே காரணம். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்கக் காலம் அது. வெளியூர் அன்பர் குழுவொன்று வறிய மாணவர் பன்னிருவர்க்குப் புத்தகப் பை வழங்க முன்வந்தது. பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் தந்தையரின் வருமானத்தைப் பார்த்துப் பெயர்களை எழுதினேன். பள்ளிச் சபைகூடலில் மேடையேறி, 'வறிய மாணவர்க்கான அன்பளிப்பு' என்று உரத்த குரலில் அறிவித்து ஒவ்வொருவராக அழைத்தேன். பன்னிரண்டு பைகளும் ஒரே சிவப்பு நிறம். படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள், எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, வார் அறுந்த தன் பழைய பையையே மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே வந்தாள். 'புதுப்பை எங்கேயம்மா?' என்றேன். தலைகுனிந்து நின்றாளே அன்றி விடை சொல்லவில்லை. வாரக் கடைசியில் அவள் தாயாரைக் கடைத்தெருவில் கண்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க சார். அந்தச் செவப்புப் பைய மாட்டினா யாரு வீட்டுப் புள்ளன்னு பள்ளிக்கூடமே பாக்குதாம். வேண்டாங்குது."

ஒரு பிள்ளையின் தோளுக்குப் பை கொடுத்ததாக எண்ணியிருந்தேன். அதன் நெற்றியில் ஒரு முத்திரையைக் குத்தியிருந்தேன் என்பது அன்றுதான் விளங்கியது. அத்தாயின் முகமும் என் நினைவை விட்டு அகலவில்லை. தன் பிள்ளைக்குத் தான் வாங்கித் தர இயலாததை ஊரறிய இன்னொருவர் கொடுத்த நாளில், அவருக்கு எவ்வாறு இருந்திருக்கும்?

இருளில் வந்த கொடையாளர்

கிறிஸ்துமஸ் தாத்தா என்று இன்று உலகம் அழைக்கும் உருவத்துக்கு மூலமானவர் புனித நிக்கோலஸ். இன்று துருக்கி நாட்டில் தெம்ரே எனப்படும் பழைய மைரா நகரின் ஆயராக நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அவர். அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் புகழ்பெற்றது ஒன்றுண்டு. வறுமையுற்ற தந்தை ஒருவர்க்கு மூன்று பெண்மக்கள். அவர்களுக்கு மணம் செய்விக்கப் பொருளின்றி அவர் தவித்தார். இதையறிந்த நிக்கோலஸ், இரவில் ஒருவரும் அறியாமல் அவ்வீட்டுச் சாளரத்தின் வழியே பொன்முடிப்பை எறிந்துவிட்டுச் சென்றார். இவ்வாறு மூவர்க்கும் பொன் வந்து சேர்ந்தது.

அவர் ஏன் இரவில் சென்றார் என்பதே இக்கதையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி. பகலில் வாயில் வழியே சென்று கொடுத்திருந்தாலும் பொன்னின் மதிப்புக் குறைந்திராது. ஆனால் அத்தந்தை அதன்பின் ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருக்க மாட்டார். கொடுப்பவர் தம்மை மறைத்துக்கொண்டதால் பெற்றவரின் மானம் காக்கப்பட்டது. நெதர்லாந்து நாட்டில் டிசம்பர் 5ஆம் நாள் மாலையில் நிக்கோலஸ் பெயரால் பிள்ளைகளுக்குப் பரிசு தரும் வழக்கம் இன்றும் உள்ளது. அமெரிக்காவில் 1823ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கவிதையும், தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் 1863 முதல் வரைந்த படங்களும், இரவில் புகைபோக்கி வழியே வரும் தாத்தாவை உலகறியச் செய்தன. தாடியும் சிவப்பு ஆடையும் பிற்கால அணிகள். இருளில் வந்து, பெயர் சொல்லாமல் செல்லும் பண்பே பழைய நிக்கோலஸிடமிருந்து எஞ்சியது.

காட்சியும் கருத்தும்

பரிசு ஏழைப் பிள்ளையை அடையும் முன்னரே பலர் கண்ணுக்குக் காட்சியாவதும் வரலாற்றில் உண்டு. இலண்டனில் வெளிவந்த 'ட்ரூத்' என்னும் வார இதழ் 1880 முதல் பொம்மைக் கண்காட்சி நடத்தியது. வாசகர்கள் பொம்மைகளுக்கு அழகிய ஆடைகள் தைத்து அனுப்பினர். மக்கள் கண்டு வியக்க அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் மருத்துவமனைகளிலும் ஏழையர் இல்லங்களிலும் இருந்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அப்பிள்ளைகளுக்கு அவை பெருமகிழ்ச்சி தந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தைத்தவர் விரும்பிய பொம்மை அது. பெற்ற பிள்ளை எதை விரும்பியது என்று கேட்டறிய அம்முறையில் இடமில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு 1914ஆம் ஆண்டில் கிடைக்கிறது. முதல் உலகப் போர் மூண்ட அவ்வாண்டில், பதினேழு வயது இளவரசி மேரியின் பெயரால் ஒரு நிதி திரட்டப்பட்டது. கிறிஸ்துமஸ் நாளில் பிரிட்டிஷ் படையினர்க்குப் பித்தளைப் பெட்டியொன்றில் சிறு பரிசு அனுப்புவது அதன் நோக்கம். அத்திருநாளையொட்டி 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு அப்பெட்டிகள் சென்று சேர்ந்தன. போர்முனையில் நின்றவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாமே! அப்பெட்டிகள் அனைத்திலும் ஒரே பொருள் வைக்கப்படவில்லை. புகைப்போர்க்குப் புகையிலை; புகைக்காதவர்க்கு எழுதுதாளும் பென்சிலும்; இந்தியப் படையினருள் சீக்கியர்க்குக் கற்கண்டும் நறுமணப் பொருள்களும் எனப் பெறுவோரின் வழக்கமும் சமயமும் அறிந்து பொருள்கள் மாற்றப்பட்டன. ஓராளுக்கு ஆன செலவு சிறிதே. ஆயினும் 'நீ யார் என்பதை நான் அறிவேன்' என்று அப்பெட்டி ஒவ்வொருவரிடமும் சொல்லிற்று.

பிள்ளைகள் வழியாகவே நாடுகள் பரிசு பரிமாறிக்கொண்ட வரலாறும் உண்டு. 1924ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியர்க்குக் கதவடைத்தது. இரு நாடுகளுக்கிடையே கசப்பு வளர்ந்தது. ஜப்பானில் பல்லாண்டுகள் சமயப் பணியாற்றித் திரும்பிய சிட்னி குலிக் என்பார், பெரியோர் மனங்கள் மாறாவிடினும் பிள்ளைகள் மனங்களாவது நட்புக் கொள்ளட்டும் என்று கருதினார். அவர் முயற்சியால் 12,739 பொம்மைகள் 1927ஆம் ஆண்டில் ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. மார்ச் 3ஆம் நாள் கொண்டாடப்படும் பெண்குழந்தைகளின் பொம்மைத் திருநாளையொட்டி அவை சென்றன. ஒவ்வொரு பொம்மைக்கும் பெயரும் கடவுச்சீட்டும் கடிதமும் இருந்தன. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு வாளா இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு சென் என்னும் சிறுகாசு திரட்டி, 58 அழகிய பொம்மைகளைச் செய்வித்து அவ்வாண்டிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பினர்.

பின்னர்ப் போர் வந்தது. பகைநாட்டுப் பொம்மைகளை அழிக்குமாறு 1943ஆம் ஆண்டளவில் ஆணை பிறந்தது. பெரும்பாலானவை எரிக்கப்பட்டன, உடைக்கப்பட்டன. ஆயினும் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் அவற்றை மறைத்து வைத்துக் காத்தனர். இன்று ஜப்பானில் 300க்கும் மேற்பட்ட பொம்மைகள் எஞ்சியுள்ளன. தம் பணிக்கும் உயிருக்கும் கேடு வரக்கூடும் என்று அறிந்தும், அந்த ஆசிரியர்கள் ஏன் ஒரு பொம்மையைக் காத்தார்கள்? தம் மாணவர் அதற்குப் பெயர் சொல்லி அழைத்ததைக் கேட்டவர்கள் அவர்கள். ஆசிரியர் என்னும் முறையில் நான் பெருமை கொள்ளும் நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கிய ஓர் இயக்கத்தையும் இங்கே கூற வேண்டும். கடற்படை வீரர் பிரிவின் துணைப்படை அதிகாரி பில் ஹென்ட்ரிக்ஸ் என்பாரின் மனைவி, தாம் செய்த பொம்மையை வறிய பிள்ளைக்குக் கொடுக்கும்படி கணவரிடம் தந்தார். அதைப் பெற்றுக் கொடுக்க அமைப்பு எதுவும் இல்லை என்றறிந்ததும், நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள் என்றார். முதலாண்டில் 5,000 விளையாட்டுப் பொருள்கள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு அது நாடு முழுதும் பரவியது. பல்லாண்டுகள் பழைய பொம்மைகளைப் பழுது பார்த்து வழங்கிவந்த அவ்வியக்கம், 1980ஆம் ஆண்டு முதல் புதிய பொருள்களை மட்டுமே ஏற்கலாயிற்று. பழுது பார்க்க நேரமின்மை ஒரு காரணம். பிறர் விளையாடி எறிந்ததே உனக்கு உரியது என்று பிள்ளைக்குச் சொல்லலாகாது என்னும் எண்ணம் மற்றொரு காரணம்.

மயிலும் முல்லையும்

இனி நம் மரபை நோக்குவோம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் வகுப்பறையில் நாம் போற்றிக் கற்பிக்கிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று மாணவர் கேட்கும்போது, அதுவே கொடைமடம் என்று விளக்குகிறோம். ஆராயாது கொடுக்கும் அப்பேதைமை, பெருவள்ளல்களுக்கு அணியாகப் பாடப்பட்டது. ஆனால் அது மலைநாட்டை ஆண்டவர்க்குப் பொருந்தும். 20 ரிங்கிட்டைக் கையில் வைத்திருப்பவர்க்குக் கொடைமடம் பொருந்தாது. அவருடைய செல்வம் அவருடைய ஆராய்ச்சிதான்.

எனினும் இவ்விரு வள்ளல்களிடமிருந்தும் நாம் கற்க ஒன்றுண்டு. மயில் கேட்கவில்லை, முல்லையும் கேட்கவில்லை. கேட்க வாயில்லாதவற்றின் குறையைத் தாமே கண்டு கொடுத்தனர். பிள்ளைகளும் அத்தகையோரே. உண்மையில் இல்லாத பிள்ளை ஒருபோதும் வாய்திறந்து கேட்பதில்லை. வள்ளுவரும் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்து, அதற்கு முன்னர் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். ஊரோடு ஒத்து வாழ்ந்து, ஊரின் தேவையைத் தன் கடமையாக அறிவது ஒப்புரவு. அதை அறிந்தபின் செய்வதே ஈகை. பின்னர் 107ஆம் அதிகாரத்தில் இரவச்சத்தைப் பாடிப் பிறரிடம் கையேந்துவதன் இழிவை உணர்த்தினார். இம்மூன்று அதிகாரங்களையும் சேர்த்துக் கற்பிக்கும் ஆசிரியர், பட்டியலை உரக்கப் படிக்க மாட்டார்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு முகமறியாதார் அனுப்பிய பரிசுகளுள் தலையாயது ஒன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியது. டென்மார்க் அரசரின் ஆதரவில் 1706ஆம் ஆண்டில் அங்கு வந்த சீகன்பால்க், தமிழ் கற்றுப் பள்ளிகள் தொடங்கினார். ஐரோப்பிய அன்பர்கள் திரட்டிய சிறுதொகைகளைக் கொண்டே அப்பள்ளிப் பிள்ளைகள் உண்டனர், உடுத்தனர், படித்தனர். இலண்டன் அறச்சங்கமொன்று அச்சுப்பொறி அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவ்வெழுத்துகள் அளவில் பெரியன. தாளோ விலை மிகுந்தது. ஆதலால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். 1715ஆம் ஆண்டில் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. கையிருப்புக்கு ஏற்ப எழுத்தைச் சிறிதாக்கினர், நூலைக் கைவிடவில்லை. செலவுச் சுருக்கம் எங்கே இருக்கலாம், எங்கே இருத்தலாகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ?

ஒரு வெள்ளி

நம் மலாயா மண்ணிலும் இத்தகைய கொடை ஒன்று நிகழ்ந்தது. அதை நம் மாணவர்க்குத் தவறாது எடுத்துரைக்க வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கியபோது, அங்கு இந்திய இயல் துறை அமையும் நிலை வந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அயராது எழுதினார். துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்கத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கி, தமிழர்களை ஆளுக்கு ஒரு வெள்ளி தருமாறு கேட்டார். 1956ஆம் ஆண்டில் துறை தொடங்கிற்று. பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது.

அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர்களுள் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். விடியற்காலைப் பிரட்டில் நின்று, பால்மரம் வெட்டிப் பெற்ற கூலியில் அவர்க்கு ஒரு வெள்ளி சிறுதொகை அன்று. தம் பிள்ளை பல்கலைக்கழக வாயிலை மிதிக்கும் என்று அவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருக்க முடியும்? என்றோ, யாரோ பெற்ற பிள்ளை படிக்கட்டும் என்றே கொடுத்தனர். அந்நூலகத்தில் நூலெடுத்துப் படித்த மாணவர்க்கு, அதைக் கொடுத்த தொழிலாளியின் பெயர் தெரியாது. ஆயினும் எந்த மாணவரும் அங்குத் தலைகுனிந்து நூலெடுக்கவில்லை. நிக்கோலஸின் இரவும் சாரங்கபாணியின் நிதியும் ஒன்றையே உணர்த்துகின்றன: பிறர் பிள்ளைக்குக் கொடுக்கும்போது கொடுப்பவர் மறைய வேண்டும், பிள்ளை மட்டும் தெரிய வேண்டும்.

அரசின் உதவித் திட்டங்களும் மெல்ல மெல்ல இவ்வுண்மையை நோக்கியே நகர்ந்துள்ளன. நம் நாட்டில் பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டில் தொடங்கியபோது, குறைந்த வருமானமுடைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கே நூல்கள் கிடைத்தன. தந்தையின் வருமானத்தைக் காட்டும் படிவங்களை ஆசிரியர்கள் திரட்டினர். 2008ஆம் ஆண்டு முதல் வருமான வேறுபாடின்றி மாணவர் அனைவர்க்கும் அது விரிந்தது. வருமான வரம்புக்கு உட்பட்டவர்க்கு 100 ரிங்கிட்டாக இருந்த பள்ளித் தொடக்க உதவித்தொகையும், 2023ஆம் ஆண்டில் அனைவர்க்கும் 150 ரிங்கிட் ஆயிற்று. வசதியுள்ளவர்க்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்போர் உளர். வகுப்பறையில் நிற்பவர் அதற்கு விடை அறிவர். எல்லார் கையிலும் இருக்கும் நூல் எவரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

எதை வாங்குவது?

அரசு எல்லார்க்கும் கொடுக்கலாம். சிறுதொகை வைத்திருக்கும் நாம் அவ்வாறு செய்ய இயலாது. சிலரைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். எனவே தெரிந்தெடுத்தது பிறர்க்குத் தெரியாதவாறு கொடுக்கும் வழியை நாம் காண வேண்டும். சிவப்புப் பைகளுக்குப் பின்னர் நானும் உடன் ஆசிரியர்களும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டவற்றைக் கூறுகிறேன்.

சென்ற ஆண்டு அன்பர்கள் எங்களிடம் ஒப்படைத்தது 480 ரிங்கிட். பிள்ளைகள் 24 பேர். ஆளுக்கு 20 ரிங்கிட். பலவற்றை மலிவாக வாங்கிப் பொதியைப் பெரிதாக்கும் ஆசை முதலில் எழுவது இயல்பு. இரண்டு வெள்ளிக் கடைப் பொம்மைகள் மாலைக்குள் உடைந்துவிடும். உடைந்தபின் பிள்ளைக்கு எஞ்சுவது ஏமாற்றமே. ஆகவே நெடுநாள் நிற்பது ஒன்று, விளையாட ஒன்று என்று முடிவு செய்தோம். செருப்புக்கு 12 ரிங்கிட். விளையாட்டுப் பொருளுக்கு 7. சுற்றும் வண்ணத்தாளுக்கு 1.

செருப்பு வாங்கக் கால் அளவு வேண்டும். பெயர் சொல்லி அழைத்துக் காலை அளந்தால் பழைய கதையே ஆகும். எங்கள் ஓவிய ஆசிரியை ஒரு வழி கண்டார். நவம்பர் மாதத்தில் ஒருநாள் எல்லா வகுப்புகளிலும், அவரவர் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னார். பள்ளி முழுவதும் சிரிப்பொலி. சிலர் பாதத்தை மீனாக்கினர், சிலர் மயிலாக்கினர். படங்கள் சுவரை அலங்கரித்தன. எங்களுக்கு வேண்டிய 24 அளவுகளும் அவற்றினுள்ளே இருந்தன.

விளையாட்டுப் பொருள் எதற்கு, அப்பணத்துக்கு ஏடும் எழுதுகோலும் வாங்கலாமே என்று சிலர் கேட்டனர். வறிய பிள்ளைக்கு நாம் எப்போதும் பயனுள்ளதையே கொடுத்து வருகிறோம். பயனற்ற மகிழ்ச்சி வசதியுள்ள பிள்ளைக்கு மட்டுமே உரியது என்று யார் வகுத்தது? வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் பந்து, சதுரங்கப் பலகை என எல்லாரும் கூடி விளையாடத் தக்கதைத் தேர்ந்தோம். தனித்திருக்கும் பிள்ளைக்கு வண்ணப் பென்சில்களோ கோத்து விளையாடும் மணிகளோ வாங்கினோம். நிறங்கள் வேறு; வடிவங்கள் வேறு. ஒரே மாதிரியான இரு பொதிகள் இல்லாதவாறு பார்த்துக்கொண்டோம். எந்தப் பொதியிலும் கொடுத்தவர் பெயர் இல்லை. எந்தச் சமயத்து அழைப்பிதழும் இல்லை. அன்பர்களுள் சிலர் தேவாலயத்தைச் சேர்ந்தோர். சிலர் மாரியம்மன் கோயில் அடியார்கள். பெற்ற பிள்ளைகளும் அவ்வாறே.

முடிவாக, யார் கையால் கொடுப்பது என்பது. நெடுநேரம் பேசி, பெற்றோர் கையாலேயே கொடுப்பது என்று தெளிந்தோம். விடுமுறைக்குமுன் தேர்ச்சி அறிக்கை பெற வந்த பெற்றோரைத் தனித்தனியே சந்தித்தோம். பொருளைச் சுற்றாமல் கொடுத்து, வண்ணத்தாளையும் உடன் வைத்தோம். 'நீங்களே கட்டி நீங்களே கொடுங்கள். எங்களைச் சொல்ல வேண்டாம்' என்றோம். ஒரு தாயார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத எப்படி மடிக்கணும்னு காட்டுங்க சார்" என்றார். ஆசிரியை அவரருகே அமர்ந்து மடித்துக் காட்டினார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அப்பிள்ளைகளுள் ஒருவன் தன் தோழனிடம் பந்தைக் காட்டி, "எங்கம்மா வாங்கிக் கொடுத்தாங்க" என்று சொன்னதைக் கேட்டேன். நான் ஒன்றும் அறியாதவன் போல அப்பால் நடந்தேன்.

தோட்டப்புறத்தில் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீடு மாறிச் செல்லும் பலகாரத் தட்டை நாம் அறிவோம். பெற்றவர் வெறுந்தட்டைத் திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லையெனில் ஒரு பிடி சர்க்கரையேனும் வைத்தே தருவர். பெறுபவரையும் கொடுப்பவராக்கும் வழக்கம் அது. சென்ற மாதம் எங்கள் அலுவலறை மேசையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. உள்ளே ஐந்து முறுக்குகள், பெயர் எழுதப்படவில்லை. யார் வைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.